பதினொரு பேர் வந்த கச்சேரி

தியேட்டர் வாசலில் வண்டியை நிறுத்தியபோது பகல் மணி இரண்டு. வெயில் மண்டையைப் பிளந்தது. நாங்கள் நான்கு பேர். கிதார் வாசித்துக்கொண்டே பாடும் என் தம்பி, பேஸ் கிதார் வாசிக்கும் கொக்கு, டிரம்ஸ் அடிக்கும் இடி, அப்புறம் நான். எனக்குப் பட்டப்பெயர் கிடையாது, எல்லோருக்கும் அக்காதான். மேடையில் இவர்கள் என்ன கூத்தடித்தாலும் அதைக் கேட்பவர்கள் காதில் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. கொக்கு தாமதமாக வருவான், இடி எதையாவது உடைப்பான். இருவரையும் திட்டுவதும் என் வேலைதான்.

அந்தத் தியேட்டரில் படம் ஓடி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. நாற்காலிகளைக் கழற்றி எடுத்துப்போய்விட்டார்கள். வெறும் சிமெண்ட் தரை. திரை இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு மேடை. “கிடங்கா மாத்தலாம்னு இருக்கேன். ஒரு நாள் வாசிச்சுக் காட்டுங்க. கூட்டம் வந்தா மாசாமாசம் உங்களுக்குத்தான்” என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார்.

ஊரில் எங்களைப் போல இன்னும் மூன்று குழுக்கள் இருந்தன. வாசிக்கத்தான் இடமில்லை. ஓர் அச்சகத்தின் பின்னறையில் இரண்டு வருடம் ஓட்டினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்ததில் அதுவும் போயிற்று. இந்தத் தியேட்டரும் கிடைக்காவிட்டால் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“இன்னிக்குக் கூட்டம் வரலன்னா கிதாரைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன்க்கா. சத்தியமா” என்று தம்பி காலையிலேயே சொல்லிவிட்டான். அவன் விளையாட்டுக்குச் சத்தியம் செய்கிறவன் இல்லை. கிதார் இல்லாத தம்பியை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

சாமான்களை இறக்கியதும் தரையின் நடுவில் போய் நின்றேன். காலியான கூடத்தில் ஒரு சத்தம் போட்டால் அது சுவரில் மோதித் திரும்பி வரும். ஆட்கள் நிறைந்துவிட்டால் வராது, உடம்புகள் சத்தத்தைக் குடித்துவிடும். எங்கள் தொழிலில் இதுதான் அரிச்சுவடி. வாயருகே கைகளைக் குவித்து “ஏய்!” என்று கத்தினேன்.

திரும்பி வரவில்லை.

இன்னும் ஓங்கிக் கத்தினேன். பஞ்சு மூட்டைக்குள் கத்தியது போல அமுங்கிப் போனது.

“என்ன அருமையான ரூம் பாத்தியா! எதிரொலியே இல்ல” என்றான் தம்பி.

நானூறு பேர் தோளோடு தோள் இடித்து நிற்கும்போதுதான் இத்தனை பெரிய கூடம் இப்படி ஒலிக்கும். பூட்டிக் கிடந்த கட்டடத்தில் தூசி நாற்றம் அடிக்க வேண்டும். அங்கே வியர்வையும் ஈரத்தலையும் மணத்தன. ஆனால் அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. சத்தத்தைச் சரிசெய்யும் என் மேசையைக் கூடத்தின் பின்மூலையில் போட்டுவிட்டு ஒயர் இழுக்கப் போனேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன். கடைசிப் பாட்டில் மேடையிலிருந்து கூட்டத்தின்மேல் பாய்வது தம்பியின் வழக்கம். கீழே இருப்பவர்கள் அவனைக் கைகளில் ஏந்தி, தலைக்கு மேலேயே கைமாற்றி ஒரு சுற்று சுற்றிவிட்டு மேடையில் விடுவார்கள். அச்சகத்து மேடை முழங்கால் உயரம்தான். இங்கே விழுந்தால் மண்டை தப்பாது. மேடை விளக்கு கண்ணில் அடிக்கும்போது எதிரே ஆள் நிற்கிறதா என்பதே அவனுக்குத் தெரியாது.

“பின்னால இருந்து நான் டார்ச் காட்டினாத்தான் குதிக்கணும். காட்டலன்னா பொத்திக்கிட்டுப் பாடு.”

“சரிக்கா, சரிக்கா.”

நான்கு மணிக்குக் கதவைத் திறந்தோம். பதினொரு பேர் வந்தார்கள். மூன்று முறை எண்ணினேன், பதினொன்றுதான். அதில் மூன்று பேர் இடியின் சித்தப்பா பிள்ளைகள். கதவைச் சாத்தியதும் உள்ளே கும்மிருட்டு. பதினொரு பேரும் பக்கச் சுவரை ஒட்டியே நின்றார்கள். “நடுவுல வாங்களேன்” என்று கூப்பிட்டேன். ஒரு பெண் இரண்டு அடி எடுத்து வைத்தாள். யாரோ மேல் இடித்துவிட்டது போல உடம்பைக் குறுக்கிக்கொண்டு சுவருக்கே திரும்பிவிட்டாள்.

தம்பி முதல் பாட்டை எடுத்தான். அவன் அப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை. உயிரைக் கொடுத்துப் பாடினான். பாட்டு முடிந்ததும் சுவரோரம் சன்னமாக நாலு தட்டு கேட்டது. பாவி, மனசு உடைந்துவிடுவானே என்று தவித்தேன். அவனோ வாயெல்லாம் பல்லாக இருட்டைப் பார்த்து, “இவ்வளவு பேரா!” என்றான்.

நான் ஹெட்போனை மாட்டி, அவன் மைக்கை மட்டும் தனியாகக் கேட்டேன்.

கூட்டம்.

நூற்றுக்கணக்கானவர்களின் மூச்சு. செருப்புகள் தரையில் தேயும் சத்தம். யாரோ இருமுகிறார்கள். யாரோ சிரிக்கிறார்கள். தம்பி எழுதி இன்னும் எங்கும் பாடாத பாட்டின் முதல் வரியை ஒரு கும்பல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

ஹெட்போனைக் கழற்றினேன். வெறும் தரை.

மாட்டினேன். கூட்டம்.

நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். பரண் ஞாபகம் வந்தது. இன்னும் மூன்று பாட்டு, முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அன்று நான் செய்த தப்பு அதுதான்.

கடைசிப் பாட்டில் தம்பி கிதாரைக் கழற்றி வைத்தான். மேடை விளிம்புக்கு வந்தான். டார்ச்சை நான் தொடவே இல்லை. “வேணாம்! வேணாம்டா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

குதித்துவிட்டான்.

கண்ணை மூடிக்கொண்டேன். விழுந்த சத்தம் கேட்கவில்லை.

திறந்து பார்த்தேன். வெறும் தரைக்கு மேலே, ஆளுயரத்தில், தம்பி மல்லாந்து கிடந்தான்.

நகர்ந்துகொண்டிருந்தான். வழுக்கிக்கொண்டு அல்ல, கைமாறிக் கைமாறி, குலுங்கிக் குலுங்கி. முதுகுப் பக்கம் சட்டை அங்கங்கே கொத்தாகச் சுருங்கி விரிந்தது. அவன் கைகளை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மேடை அவன் கால்பக்கம் தூரத்தில் இருந்தது. மேடைக்குத் திரும்பும் வழியில் அவனைக் கொண்டுபோகவில்லை. கூடத்தின் பின்பக்கம் எதிர் மூலையில், பால்கனிக்கு ஏறும் இருண்ட படிக்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

இடி பார்த்துவிட்டான். முகம் வெளுத்துப் போயிருந்தது. குச்சியைக் கீழே போடப் போனான். நிறுத்தாதே, அடி, அடி என்று கையைச் சுழற்றிக் காட்டினேன். பாட்டு நின்றால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

மேசையை விட்டு நடுத்தரைக்கு ஓடினேன்.

நெரிசல்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தோளைத் தோள் இடித்தது. காலை மிதித்தார்கள். கன்னத்தில் யாருடைய ஈரத்தலையோ உரசியது. முட்டி மோதி உள்ளே போனேன். காதோரம், கோபமே இல்லாமல், ஒரு பெண் குரல் சொன்னது:

“தள்ளாதீங்க. எல்லார்கிட்டயும் வருவார்.”

படிக்கட்டுக்கு நான்கடி இருக்கும்போது அவன் பெல்ட் கையில் அகப்பட்டது. தொங்கி இழுத்தேன். அந்தப் பக்கமும் இழுத்தார்கள். அம்மா என்று அலறி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்ததில் இருவரும் தரையில் உருண்டோம். இடி நிறுத்தினான். என் அலறல் நான்கு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது.

“ஏன்க்கா இழுத்த? நல்லாத்தானே தூக்கிட்டுப் போனாங்க” என்றான் தம்பி. குரலில் அழுகை இருந்தது.

“பதினொரு பேருடா. மொத்தமே பதினொரு பேரு.”

“என் முதுகுல பட்ட கை எனக்குத் தெரியாதா?”

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். “தெரு முழுக்கக் கேட்டுச்சே, நல்ல கூட்டமாமே! அடுத்த மாசமும் வாங்க” என்றார் முதலாளியம்மா. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்று மனதில் சொல்லிக்கொண்டு, வெளியே தலையை மட்டும் ஆட்டினேன்.

வேடிக்கை என்னவென்றால், எங்களைக் காப்பாற்றியது அந்தப் பதினொரு பேர்தான். கண்ட கதையை ஊரெல்லாம் சொன்னார்கள். அந்தரத்தில் போனவனைப் பார்க்க வந்தவர்கள் பாட்டுக்காகத் தங்கினார்கள். மூன்று மாதத்தில் குழுக்கள் நான்கு ஏழாயின. நகராட்சி விளையாட்டுத் திடலை எங்களுக்கு விட்டது. கிதார் பரணுக்குப் போகவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

திடலில் முதல் கச்சேரி மாலை ஐந்து மணிக்கு. நல்ல வெளிச்சம். இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள், அத்தனை முகமும் தெரிந்தது. தியேட்டருக்குப் பிறகு தம்பியை நான் குதிக்க விட்டதே இல்லை. அன்று கடைசிப் பாட்டில் அவன் விளிம்பில் நின்று என்னைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை. முன்வரிசையில் ஊசி விழ இடமில்லை. டார்ச்சைக் காட்டினேன்.

பாய்ந்தான். நிஜமான கைகள் அவனை ஏந்தின. வளையல் போட்ட கை, கடிகாரம் கட்டிய கை, மசி படிந்த அச்சகக்காரர் கை. ஒரு சுற்று சுற்றி நடுத்திடலுக்கு வரும்போது பாட்டு முடிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குத்தானே இத்தனை பாடு.

கைதட்டுவதற்காக எல்லோரும் அவனை விட்டுக் கைகளை எடுத்தார்கள்.

தம்பி கீழே வரவில்லை.