அளவுக்கு மீறிய ஸ்க்ரூ

வீட்டு வண்டியை வெளியே அளந்தால் ஒரு நீளம் வந்தது, உள்ளே அளந்தால் வேறொரு நீளம் வந்தது. சுவரின் கனத்தைக் கழித்துப் பார்த்தான். பின்பக்க பம்பரைக் கழித்துப் பார்த்தான். டேப்பை உதறிச் சுருட்டி, மறுபடி முன்னாலிருந்து பிடித்துக்கொண்டு வந்தான். எப்படிப் பிடித்தாலும் கட்டிலுக்குப் பின்னாலிருந்த சுவரில் கொஞ்சம் இடம் காணாமல் போயிருந்தது. அதிகமில்லை. ஓர் ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற அளவு.

கடைகளுக்கு அலமாரி அடித்துக் கொடுக்கிற மரவேலைக்காரன் அவன். அளவு பிசகுவது தொழிலில் உள்ளதுதான். ஆனால் பிசகினால் நூலளவு பிசகும். ஆளளவு பிசகி அவன் பார்த்ததில்லை.

அந்த வீட்டு வண்டி அவனுடைய மச்சானின் கிடங்குக்குப் பின்னால் வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்தது. கட்டில், அடுப்பு, கழுவுதொட்டி, கழிப்பறை என்று ஒரு வீட்டுக்குள் இருக்கவேண்டியதையெல்லாம் ஒரு பெரிய வேனுக்குள் அடக்கிக் கட்டியது. அதில் ஊர் ஊராகச் சுற்றியவர்கள் யார், ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. மச்சான் அந்த இடத்தை வாங்கியபோது இடத்தோடு வந்தது. சக்கரங்கள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. கொடி ஏறி ஒரு ஜன்னலை மூடியிருந்தது. உள்ளே நனைந்த அட்டையும் பழைய ரப்பரும் கலந்த வாடை அடிக்கும். ஏறும் படியில் கால் வைத்தால் வண்டி முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முனகி, மெல்ல நிமிரும்.

வேலை குறைந்து வாடகை வீட்டைக் காலி செய்த நாளிலிருந்து அவனும் மனைவியும் மகளும் மச்சான் வீட்டில்தான் இருந்தார்கள். வண்டியைக் கேட்டபோது சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருந்தார்கள்.

"எடுத்துக்கோங்க மாப்ள," என்றார் மச்சான். "ஓடுச்சுன்னா ஊரைச் சுத்துங்க. ஓடலைன்னா உள்ளேயே உக்காருங்க. உக்கார்ற வேலை உங்களுக்கு நல்லா வருமே."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிக்காமல் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவன் மனைவி ஒருத்திதான். அன்று சாயங்காலம், அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, மகள் எழுந்து போய் அடுத்த அறைக்குள் தலையை நீட்டி, "மாமா, ஃபேன் போட்டுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். மச்சான் சொன்னதைக்கூட அவன் மறந்திருப்பான். இதை மறக்க முடியவில்லை.

அதனால் உழைத்தான். மச்சானின் கிடங்கில் மூட்டை கணக்குப் பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் வண்டிக்குள் கிடந்தான். கொடியை அறுத்தான். துருவைச் சுரண்டினான். ஒழுகிய கூரைக்குத் தார் பூசினான். உளுத்துப்போன அலமாரிகளைப் பெயர்த்து, புதிய பலகையில் பசை போட்டுச் செய்து மாட்டினான். எஞ்சின் எப்படியும் உயிர் பிழைக்காது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். அவனுக்கு எஞ்சின் வேண்டாம். உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு இருந்தால் போதும்.

மரத்தை நம்புவதற்கு முன் தட்டிப் பார்ப்பது அவன் பழக்கம். விரல் முட்டியால் இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி, காதை வைத்து ஒரு தட்டு. அந்த மூன்றாவது தட்டில் மரம் உண்மையைச் சொல்லிவிடும் என்பான். கூட வேலை செய்தவர்கள், "பலகைகிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் கை வைப்பான்" என்று கேலி செய்வார்கள்.

பின்சுவரையும் அப்படித்தான் தட்டினான். இரண்டு தட்டு. நிறுத்தினான். காதை வைத்து மூன்றாவதைத் தட்டப் போனபோது, உள்ளேயிருந்து யாரோ அதைத் தட்டினார்கள்.

காதை எடுக்காமல் அப்படியே நின்றான். பழைய பலகை கன்னத்தில் குளிர்ந்தது. அந்தப் பக்கத்தில் ஏதோ உரசுகிற சத்தம், துணியா தோலா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம், மேலிருந்து கீழாக நகர்ந்து அவன் காதுக்கு நேராக வந்து நின்றது. பிறகு அதே தட்டு. இரண்டு, நிறுத்தம், ஒன்று. பலமே இல்லாமல்.

எலி என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொண்டான் என்பதுதான் சரி. நம்பவில்லை. எலிக்கு நிறுத்தம் தெரியாது.

திறந்து பார்க்காததற்குக் காரணம் இருந்தது. அன்று காலையில்தான் மச்சானின் மனைவி வந்து, வார இறுதிக்குள் அறை வேண்டியிருக்கிறது, தன் தங்கை குடும்பத்தோடு வருகிறாள் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "அதுக்குள்ள நாங்க கிளம்பிருவோம் அண்ணி. அவர் வேலையை முடிச்சிட்டார்" என்று மனைவி தலை நிமிர்ந்து சொன்னதை அவன் காதால் கேட்டான். கல்யாணமான புதிதில் கேட்ட குரல் அது. சுவரைத் திறந்தால் கட்டிலைப் பெயர்க்க வேண்டும். உள்ளே என்னவோ இருந்து தொலைத்தால் ஆள் வரும், விசாரணை வரும், வண்டி போய்விடும். மறுபடி அந்த மேசை. மறுபடி அந்தச் சிரிப்பு.

பழைய பலகையின் மேலேயே பசை தடவி, புதுப் பலகையைச் சாத்தி அடித்துவிடுவது என்று முடிவு செய்தான்.

அவசரத்தில் கைக்கு வந்தது நீள ஸ்க்ரூ பெட்டி. இரண்டு பலகையையும் தாண்டி அந்தப் பக்கம் விரல் நீளத்துக்கு முனை நீட்டும். பின்னால் மரச்சட்டம் இருக்கும் என்று நினைத்தால் போடலாம், வெறும் இடம் என்று தெரிந்தால் போடக்கூடாது. தெரிந்தே போட்டான். மேல் மூலை, எதிர் மூலை, கீழ் மூலைகள், பிறகு ஓரங்கள். வண்டி சாய்ந்து நிமிர்ந்தது. மனைவி இரண்டு டம்ளரில் டீயோடு ஏறி வந்திருந்தாள். அவள் வந்து நிற்கவும் சுவர் தட்டியது.

இரண்டு. நிறுத்தம். ஒன்று.

"என்னங்க அது சத்தம்?"

"எலிதான். அடைச்சிட்டா தன்னால செத்துரும்."

கடைசி ஸ்க்ரூ நடுவில், அவன் முகத்துக்கு நேரே. டிரில்லை அழுத்தினான். மரத்துக்குள் போகிற ஸ்க்ரூ முனகும், வெற்றிடத்துக்குப் போனால் லேசாகிச் சும்மா சுற்றும். கைக்குத் தெரியும். இது இரண்டுமில்லை. மெத்தென்று எதற்குள்ளோ போனது. கொஞ்சம் தாண்டி, கடினமாக எதிலோ கடித்தது. சுவருக்குப் பின்னால் ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது.

மெஷினை நிறுத்தினான். டிரில்லைப் பின்னோக்கிச் சுற்றவைக்கிற பொத்தானின் மேல் கட்டைவிரல் போய் உட்கார்ந்தது. அழுத்தினால் ஸ்க்ரூ வெளியே வந்துவிடும். மனைவி டீயை நீட்டியபடி நின்றாள். அவள் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு இருந்தது. புதுப் பலகையைத் தடவிப் பார்த்து, "நம்ம வீடு மாதிரியே ஆயிருச்சுங்க" என்றாள்.

விரலை எடுத்தான். ஸ்க்ரூவைத் தலை புதைகிறவரை ஓட்டினான்.

குடி வந்தார்கள். மகள் யாரையும் கேட்காமல் விளக்கைப் போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். மச்சான் வந்து பார்த்தார். பின்சுவரில் சாய்ந்து நின்று, "வேலைன்னா இது வேலை மாப்ள. உங்களைத் தப்பா நினைச்சிட்டேன்" என்றார். வாழ்நாளெல்லாம் ஏங்கிய வார்த்தை. அதைக் கேட்டு அவனுக்குக் காது மடல் வரை எரிந்தது. மச்சானின் முதுகுக்குப் பின்னால் மிக மெதுவாக, விட்டுவிட்டு, தட்டிக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. அல்லது எல்லோருக்கும் எலி.

அந்தச் சுவரின் பக்கம் அவன்தான் படுத்தான். மற்றவர்கள் படுக்கக்கூடாது என்று நினைத்தான். நாளாக ஆகத் தட்டு தேய்ந்தது. முதலில் மூன்றாவது தட்டு நின்றது. பிறகு இரண்டாவது. பிறகு விரலால் தடவுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை. அன்று சோறு இறங்கவில்லை. சாப்பாடு சரியில்லையா என்று மனைவி கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றான்.

மனைவியும் மகளும் கடைத்தெருவுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்தில் வேறெதுவும் கேட்காது. யாரும் பார்க்கமாட்டார்கள். கட்டிலைப் பெயர்த்து இழுத்துவிட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினான். நடுவிலிருந்ததைக் கடைசியாகக் கழற்றினான். அதன் முனையில் காய்ந்த பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. துரு என்று நினைத்துக்கொண்டான். புது ஸ்க்ரூ அது.

பழைய பலகையும் புதுப் பலகையும் பசை பிடித்து ஒன்றாகவே வந்தன. கதவைப் போல ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் பார்த்தான்.

ஒன்றுமில்லை.

வெறும் இடம். தூசி. அடித்தகடு. அவனுக்கு அழுகை வந்தது. பிறகுதான் பலகையின் உட்பக்கத்தைப் பார்த்தான். முகமட்டத்தில் நகத்தால் பிறாண்டிய வெள்ளைக் கோடுகள். நடு ஓட்டையைச் சுற்றி ஒரு கறை, கீழே ஒழுகி இறங்கியிருந்தது.

இருந்தது எதுவோ அது எப்படியோ வெளியே போயிருக்கவேண்டும். தரையில் ஓட்டை இருக்கும். அதை மட்டும் கண்டுபிடித்துவிட்டால் போதும், தான் யாரையும் கொல்லவில்லை என்று ஆகிவிடும். மூச்சை இழுத்துப் பிடித்து, பக்கவாட்டில் நுழைந்தான். கால் கட்டைவிரலால் அடித்தகட்டைத் துழாவினான். மூலைவரை போனான். ஓட்டை இல்லை. திரும்பினான். நெஞ்சு கட்டில் பக்கம் பார்க்கும்படி திரும்புவதற்குக் கைகளைத் தூக்கவேண்டியிருந்தது.

வண்டி சாய்ந்தது. முனகியது. யாரோ படியேறினார்கள்.

பலகை தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. இருட்டு.

தள்ளினான். நகரவில்லை. தூக்கிய கைகள் முகத்துக்கு இருபுறமும் பலகையில் ஒட்டி நின்றன. இறக்க இடமில்லை. மனைவியைக் கூப்பிட்டான். நெஞ்சு அமுங்கிக் கிடந்ததில் மூச்சுதான் வந்தது, குரல் வரவில்லை. பிறாண்டினான். மழைச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது? மூக்கில் புதுப் பசை வாடை. இன்னும் காயாத பசை.

பலகைக்கு வெளியே யாரோ தட்டினார்கள். விரல் முட்டியால். இரண்டு தட்டு. நிறுத்தம்.

காது ஒன்று வந்து பலகையில் ஒட்டுவது கேட்டது.

அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. மூன்றாவதைத் தட்டினான்.

பதில் இல்லை. மறுபடி தட்டினான். இரண்டு. ஒன்று. வெளியே கனமாக ஒன்றை இழுத்துவந்து சாத்துகிற சத்தம். டிரில் ஓடியது. மேல் மூலையில் ஒரு முனை எட்டிப்பார்த்தது. எதிர் மூலையில் ஒன்று. கீழே. கீழே. ஓரங்கள். அந்த வரிசை அவனுக்குத் தெரியும். அடுத்தது நடுவில், தன் கை ஒட்டியிருந்த இடத்தில் என்று தெரியும். இடது உள்ளங்கையை நகர்த்தப் பார்த்தான். விரல் மட்டும் அசைந்தது.

தட்டினான். இரண்டு. ஒன்று.

"என்னங்க அது சத்தம்?" மனைவியின் குரல். டம்ளரோடு டம்ளர் உரசியது.

"எலிதான்," என்றது அவன் குரல். "அடைச்சிட்டா தன்னால செத்துரும்."

முனை உள்ளங்கைக்குள் வந்தது. எலும்பில் கடித்து நின்றது. மூச்சை உள்ளே இழுத்தான்.

மெஷின் நின்றுவிட்டது.

வெளியே இப்போது அந்த ஆள் கட்டைவிரலைப் பொத்தானின் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறான். மனைவி டீயை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். சிரிக்கிறாள். பலகையின் அந்தப் பக்கம், அவன் முகத்துக்கு நேராக, அவளுடைய கை மெதுவாகத் தடவிக்கொண்டு போனது.

"நம்ம வீடு மாதிரியே ஆயிருச்சுங்க."