இருவர் அமரும் பெஞ்சு

அந்த வருடங்களில் சனிக்கிழமை காலை கோயில் தரைக்கு அரிசிக் கழுநீர் தெளிப்பது என் முறை. தெளித்தால்தான் ஞாயிறு ஆராதனைக்குள் பெஞ்சுகள் முளைக்கும். பூஞ்சை இழையும் தவிடும் கலந்து வளர்த்த உயிர்த்தரை அது. யாருக்கு முழங்கால் வலி, யார் கைக்குழந்தையோடு வருகிறார்கள் என்பதையெல்லாம் காலடி எடையிலிருந்து கற்றுக்கொண்டு, அதற்கேற்ற உயரமும் சாய்வும் கொடுக்கும். மேடை மட்டும் முளைக்காது. போதகர் சாராளும் எங்களோடு வட்டத்தில்தான் உட்காருவார்.

அந்தத் தரையை வடிவமைத்தவள் என் துணைவி பியூலா. பத்தொன்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தோம். அதில் கடைசி மூன்று வருடம், பகல் முழுக்க அவள் கோயிலுக்குப் பின்னாலிருந்த பூஞ்சை வளர்ப்புக் கொட்டகையில், உதவிக்கு வந்து சேர்ந்த தெபோராளோடு வேலை செய்தாள்.

"உன் தெபோ சாப்பிட்டாளா?" என்று கேட்பேன்.

"நீ குடுத்துவிட்டா சாப்பிடுவா, ரோசு. மிளகை மட்டும் குறைச்சுப் போடு. அவளுக்கு ஆகாது."

மறுநாளிலிருந்து மிளகை இரட்டிப்பாகப் போட்டேன். அவர்களுக்குள் என்ன என்று கேட்டதேயில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பியூலாவுக்குப் பொய் சொல்ல வராது.

எங்கள் சபையில் குடும்பம் ரத்தத்தாலோ திருமணப் பதிவாலோ ஆவதில்லை. சாராள் திருநங்கை, பதினாறு வயதில் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர். சிலுவையில் தொங்கியபடி இயேசு 'அதோ உன் மகன், அதோ உன் தாய்' என்று தம் தாயையும் சீடனையும் ஒருவருக்கொருவர் கொடுத்தாரே, குடும்பம் அங்கேதான் தொடங்குகிறது என்று அவர் போதித்தார். ஆகவே ஒவ்வொருவரும் உயிரோடிருக்கும்போதே யாரை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று ஒரு குரல்விதையில் பேசி வைப்போம். இறந்த அன்று அதைத் தரையில் புதைப்பார்கள். மூன்றாம் நாள் அது பெஞ்சாக முளைத்துப் பேசும். பெயர் சொல்லப்பட்டவர்கள் அதில் உட்கார்ந்தால் அவர்கள் குடும்பம். உட்காராவிட்டால் மாலைக்குள் பெஞ்சு உதிர்ந்துவிடும்.

பியூலா இறந்தபோது அவள் விதைக்கு நானே நீர் ஊற்றினேன். வேறு யாரையும் கிட்டே விடவில்லை. இரண்டாம் நாள் பெஞ்சு இருவர் அமரும் அகலத்துக்கு வந்தது. தன் இடத்தை என் பக்கத்தில் காலியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று நினைத்து, அதன் முன்னால் மண்டியிட்டு அழுதேன். தெபோராள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்க இரக்கமாகக்கூட இருந்தது. ஜெயித்தவளின் இரக்கம்.

மறுநாள் ஆராதனையில் பெஞ்சு பேசியது. கடைசி மாதத்து இருமலோடு அவள் குரல்.

"ரோசு, அதோ தெபோராள். தெபோ, அதோ ரோசு."

அவ்வளவுதான். எனக்கென்று தனியாக ஒரு சொல்கூட இல்லை.

தெபோராள் பெஞ்சருகே வந்தாள், உட்காரவில்லை. "நீங்க முதல்ல உட்காருங்கக்கா."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா வேண்டாம்னு காலைப் பிடிச்சிருப்பேன். உங்க மிளகுக் குழம்புக்கு மூணு வருஷமா மோர் குடிச்சே பொழைச்சவ நான்."

யாரோ சிரித்தார்கள். சாராள் சிரிக்கவில்லை. "ரோஸ்லின், மாட்டேன்னு சொன்னாலும் கர்த்தர் கோவிக்க மாட்டார். பொழுது சாயுற வரைக்கும் நேரம் இருக்கு."

எல்லோரும் போனார்கள். நான் நின்றேன். அவளும் நின்றாள். வெயில் தாழ்ந்தபோது பெஞ்சின் விளிம்பு பொடிப்பொடியாக உதிரத் தொடங்கியது. பியூலாவிடமிருந்து இனி எதுவும் முளைக்கப்போவதில்லை. அது தூளாவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் உட்கார்ந்தேன், அன்பினால் இல்லை. மறுகணமே தெபோராளும் உட்கார்ந்தாள். உதிர்வது நின்றது.

சபை வழக்கப்படி அவளை என் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். பாதி வழியில் அவளாகவே பேச்செடுத்தாள்.

"இந்நேரம் கொட்டகையில விசிலடிச்சுட்டே கருவியெல்லாம் கழுவுவாங்க."

"யாரு, பியூலாவா? அவளுக்கு விசிலடிக்கத் தெரியாது."

தெபோராள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உதட்டைக் குவித்து அடித்துக் காட்டினாள். ஒரு ஞானப்பாட்டு, ஆனால் துள்ளலாக. நடுவில் ஓரிடத்தில் தேவையில்லாமல் மூச்சு வாங்கினாள். அது பியூலா மூச்சு வாங்கும் விதம்தான். பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட என் வீட்டில் கேட்காத சத்தம்.

"இன்னொரு தடவை அடி" என்றேன்.