ஐந்தாம் கட்டிலின் மூச்சு

மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு, எக்ஸ்ரே எடுப்பவள் மெஷினைத் தள்ளிக்கொண்டு தனி வார்டுக்குள் நுழைந்தாள். ரத்தக்கசிவுக் காய்ச்சல் வந்தவர்களை வைக்கும் வார்டு அது. ஆறு கட்டில்களில் ஐந்து காலி. ஆறாவதில் ஒரு லாரி டிரைவர், ஈறில் ரத்தம் கசிய, கண் சிவந்து கிடந்தார். பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கை அரித்தது. அதற்கும் அடியில் ஒரு துரு வாடை.

ஐந்தாம் கட்டில் பக்கம் அவள் திரும்பவே இல்லை. மூன்று நாள் முன்பு அதில் கிடந்தவள் இதே வார்டின் நர்ஸ். நோயாளிகளைப் பார்த்துப் பார்த்தே காய்ச்சலை வாங்கிக்கொண்டவள். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுக்குத் தவித்தபோது, "கொஞ்ச நேரம் பக்கத்துல இருடி" என்று இவள் கையைப் பிடித்தாள்.

"இதோ வந்துடறேன்" என்று கையை உருவிக்கொண்டு போனவள்தான் இவள். பயம். திரும்பி வரவில்லை. அன்று சாயங்காலமே நர்ஸின் கதை முடிந்தது.

"அண்ணே, நெஞ்சுப் படம் எடுக்கணும். லேசா நிமிருங்க."

"எனக்கென்னம்மா அவசரம்?" டிரைவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "முதல்ல அந்தப் பொண்ணைப் பாரு. காலையிலேர்ந்து மூச்சு வாங்குது, பாவம்."

அவர் விரல் ஐந்தாம் கட்டிலைக் காட்டியது.

விரிப்பு உருவிய வெறும் மெத்தை.

காய்ச்சலில் உளறுகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, எக்ஸ்ரே தகட்டை அவர் முதுகுக்கடியில் செருகினாள். சற்றுத் தள்ளி நின்றாள்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

இரண்டு பேர் இழுத்தார்கள்.

ஒன்று டிரைவர். மற்றது அவள் முதுகுக்குப் பின்னால், சேற்றில் தண்ணீர் கொப்பளிப்பதுபோல.

விரல் தானாகப் பொத்தானை அமுக்கியது. திரையில் வந்த படத்தைக்கூடப் பார்க்காமல் வாசலுக்குப் பாய்ந்தாள்.

மணிக்கட்டை ஏதோ பிடித்தது. இரட்டைக் கையுறையையும் தாண்டிச் சில்லென்று ஏறியது.

"இருடி."

அப்படியே நின்றாள். நின்றதால்தான் டிரைவரின் உதடு நீலம் பாரிப்பதைப் பார்த்தாள். மூக்கிலும் வாயிலும் ரத்த நுரை. மணிக்கட்டின் பிடி விட்டது. ஓடிப்போய் மணியை அடித்தாள். அவரைத் தூக்கி உட்காரவைத்து, ஆக்சிஜனை முழுசாகத் திறந்து மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடித்தாள். டாக்டர் வந்து தொண்டையில் குழாய் இறக்கும்வரை கையை எடுக்கவில்லை.

"நல்லவேளை நீ கூட இருந்தே," என்றார் டாக்டர். "ரெண்டு நிமிஷம் போயிருந்தா ஆள் இல்லை."



பாதுகாப்பு உடை கழற்றும் அறைக்கு வந்து கதவைத் தாழிட்டாள். முகக்கவசக் கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கையைக் குழாயடியில் நீட்டி, "மன்னிச்சுடு" என்றாள், வாய்விட்டு.

தண்ணீரை நிறுத்தியதும் அந்தக் கொப்பளிப்பு கேட்டது. மெதுவாக. வெகு பக்கத்தில்.

ஆணியில் தொங்கிய முகக்கவசக் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாக ஆவி படர்ந்தது.

தெளிந்தது.

மறுபடி படர்ந்தது.