லாமுடைய அம்மா பெயர்

கடைசி பெஞ்சில் உயர்ந்த கை ஈரமாக இருந்தது.

எழுத்தாளர் தியெப் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீவுக்காரர்கள் அல்லவா, வலையை இழுத்துப் போட்டுவிட்டுப் படகிலிருந்து நேரே வந்திருப்பார்கள் என்று நினைத்தார். ஊர் மண்டபம் நிறைய ஆட்கள். வாசலில் காயப்போட்ட பூண்டின் நெடியும் உள்ளே எரியும் ஊதுபத்தியின் புகையும், மின்விசிறி சுற்றச் சுற்ற, மாறி மாறி முகத்தில் அடித்தன. அந்தக் கைக்கு உரிய முகம் தூணுக்குப் பின்னால் மறைந்திருந்தது. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"லாமோட அம்மா பேரு என்ன?"

வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிக் குரல். தியெப் திகைத்தார். எத்தனையோ ஊர்களில் வாசகர்கள் எதையெதையோ கேட்டிருக்கிறார்கள், இதை ஒருவரும் கேட்டதில்லை. அவருடைய நாவலின் நாயகன் லாமுக்கு அம்மாவே கிடையாது. எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் மைக் கையில் இருக்கும்போது தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"ஹாங்," என்றார். "ஹாங்னு பேரு. இந்தப் பக்கம் விசாரிச்சப்போ கெடச்ச தகவல்."

கை மெல்ல இறங்கியது. கூட்டத்தை ஏற்பாடு செய்த ஹ்வே டீச்சர் அவர் காதருகே குனிந்தாள். பார்த்த அன்றைக்கே அவரைச் சித்தப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டவள்.

"யாருக்கு சித்தப்பா பதில் சொல்றீங்க? யாரும் இன்னும் கேள்வியே கேக்கலையே."

தியெப் மறுபடி பார்த்தார். கடைசி பெஞ்சில் யாரும் இல்லை. தூணடியில் தரை மட்டும் நனைந்து கிடந்தது. தீவில் இரண்டு மாதமாக மழை கிடையாது.

பொய் என்பது முதல் தடவைதான் தொண்டையில் முள்ளாகக் குத்தும். அப்புறம் சோறு மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விடும். அரசர் காலத்தில் இந்தத் தீவிலிருந்து தொலைதூரத் திட்டுகளுக்கு அனுப்பப்பட்ட படகோட்டிகளைப் பற்றித்தான் அவருடைய நாவல். போகிற ஒவ்வொருவனும் தன் பிணத்தைச் சுற்ற ஒரு பாயும், கட்டப் பிரம்புக் கயிறும், பேர் எழுதிய மரத்துண்டும் தானே சுமந்துகொண்டு போனான். அதெல்லாம் நிஜம். லாம் மட்டும் நிஜமில்லை. நகரத்து அடுக்குமாடி வீட்டில், நூடுல்ஸ் ஆறிப்போய்க் கிடக்க, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தியெப் உண்டாக்கிய ஆள் அவன். ஹனோயில் பரிசு வாங்கிய அன்றைக்கு ஒரு நிருபர், "லாம் உண்மையான மனிதரா?" என்று கேட்டபோது தலை தானாக ஆடிவிட்டது. ஆடிய தலையைக் காப்பாற்ற, அவனுடைய பேர் எழுதிய மரத்துண்டைக் கண்ணாலேயே பார்த்ததாகவும் சொல்லவேண்டியதாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அன்றிலிருந்து அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டே அலைந்துகொண்டிருந்தார்.

இப்போது அந்தப் பூசணிக்காய் எதிரே படுத்திருந்தது.

மண்டபத்தின் முன்பக்கம், பாய்மேல், ஆள் நீளத்துக்கு ஒரு களிமண் உடல். கடலில் போய்ப் பிணம் கிடைக்காதவர்களுக்கு இந்தத் தீவில் காற்றுக் கல்லறை கட்டுவார்கள். மல்பெரிக் குச்சிகளை எலும்பாக அடுக்கி, மண்ணைச் சதையாக அப்பி, முட்டையின் மஞ்சள் கருவைத் தோலாகப் பூசி, உயிரைக் கூப்பிட்டு அதில் இறக்கி, பிறகு அடக்கம் செய்வார்கள். நாவலைப் படித்துவிட்டுத் தீவே அழுதது. பேரும் ஊரும் தெரிந்த ஒருத்தன் கல்லறை இல்லாமல் கிடக்கலாமா என்று ஹ்வே டீச்சர்தான் வீடு வீடாகப் போய்ப் பேசினாள். அந்தப் பேரில் ஆறு மாதமாகத் தினமும் ஊதுபத்தி எரிகிறது. இன்று பொழுது சாயும்போது உயிர் கூப்பிடப் போகிறார்கள். அதற்குத்தான் இவரையும் அழைத்திருந்தார்கள்.

கேள்விகள் வந்தன. லாமுக்குப் பிடித்த மீன் எது, அவன் காதலித்த பெண் யார் வீட்டுப் பெண், இரண்டாம் பாகம் வருமா. தியெப் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். அப்போது உயிர் கூப்பிடுகிற பூசாரி பாவோ எழுந்தார். கிழவருக்கு முன்பல் இரண்டும் இல்லை.

"தம்பி, உன் புஸ்தகத்த நான் படிக்கல. கண்ணாடி ஒடஞ்சு போச்சு, வாங்கித் தர்றதுக்கும் நாதியில்ல." கூட்டம் சிரித்தது. "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அந்த லாம்ங்கிறவன் நெசமாவே இருந்தானா?"

"என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க!" என்றாள் ஹ்வே.

"நீ சும்மா இரு புள்ள. பேருக்கு உடையவன் ஒருத்தன் இருந்தா, கூப்பிட்டா அவன் வருவான். உடையவன் இல்லாத பேரக் கூப்பிட்டோம்னு வையி, கடலுக்கடியில பேர் மறந்து கெடக்கறவன் எவனாச்சும் வந்து ஒட்டிக்குவான். வந்தவனத் திருப்பி அனுப்ப எனக்குத் தெரியாது. எங்கப்பனுக்கும் தெரியாது."

சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லா முகமும் தியெப்பின் பக்கம் திரும்பியது.

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. அவர் வாயைக்கூடத் திறந்தார். ஆனால் ஹ்வேயின் முகம் எதிரே இருந்தது. அவளுடைய அப்பா கணவாய் மீன் பிடிக்கப் போய்த் திரும்பாதவர். அவருடைய காற்றுக் கல்லறைக்குப் பக்கத்தில் தனக்கென்று வைத்திருந்த இடத்தைத்தான் அவள் லாமுக்குக் கொடுத்திருந்தாள். "எங்கப்பாவுக்குப் பேச்சுத்துணை ஆச்சு, சித்தப்பா," என்று காலையில் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. இவளிடம் எப்படிச் சொல்வது? வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. காது மடல் வரை சுட்டது.

"இருந்தாரு," என்றார். "நெசமாவே இருந்தாரு."

கிழவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, "சரி, உன் வாக்கு," என்று உட்கார்ந்துவிட்டார்.

சூரியன் இறங்கியதும் மண்டபத்து வாசலில் நின்று கடலைப் பார்த்துப் பாவோ மூன்று முறை கூப்பிட்டார். லாம் வா. ஹாங் மகனே லாம் வா. அம்மா பேரையும் சேர்த்துக் கூப்பிடுவது வழக்கமாம். அந்தப் பேரை அவருக்கு யார் சொன்னார்கள் என்று தியெப் யோசித்தார். மைக்கில் தானே சொன்னது நினைவுக்கு வர, தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு எல்லோரும் கடற்கரைப் பந்தலுக்குச் சாப்பிடக் கிளம்பினார்கள். மீன் கஞ்சி, கடற்பாசிப் பச்சடி, பூண்டு ஊறுகாய்.

"சித்தப்பா, நீங்க கொஞ்ச நேரம் இங்க இருக்கணும்," என்றாள் ஹ்வே. "பொணத்துக்குப் பக்கத்துல சொந்தம் ஒருத்தர் உக்காரணும். அவருக்கு உங்கள விட்டா யாரு இருக்கா? பெத்த தகப்பன் மாதிரி! பயந்துக்காதீங்க, கஞ்சிய நானே சூடாக் கொண்டாறேன்."

மறுக்க முடியுமா? மறுத்தால் ஏன் என்று கேட்பாள். உட்கார்ந்தார்.

செருப்புச் சத்தங்கள் ஒவ்வொன்றாக மணலில் அமுங்கிப்போன பிறகு, தகரக் கூரை பகல் சூட்டை விட்டு டிக் டிக்கென்று சுருங்குகிற சத்தமும், எங்கோ ஒரு நாய் ஊளையிட்டு நடுவில் நிறுத்திக்கொண்டதும், படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்கிற முனகலும் மட்டும் கேட்க, நான்கு மெழுகுவர்த்திகளின் வெளிச்சத்தில் அந்த மண் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவர் கூரையைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், தன் கைவிரல்களைப் பார்த்தார், கடைசியில் முகத்தையே பார்த்தார். மூக்கைச் செதுக்கியவன் அவசரக்காரன். வாய் வெறும் கீறல். பரிதாபமாகத்தான் இருந்தது. என்னை மன்னிச்சிடு என்று சொல்லத் தோன்றியது. மண்ணிடம் என்ன மன்னிப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மண் காய்ந்தால் வெடிக்கும். மதியமே தோள்பட்டையில் வெடிப்பு விழுந்திருந்ததை அவர் பார்த்திருந்தார். இப்போது அந்த வெடிப்பு இல்லை. மூடியிருந்தது. மண் பளபளத்தது. முட்டைக் கரு இவ்வளவு நேரமா ஈரமாக இருக்கும்?

பூண்டு வாசம் நின்றுபோயிருந்தது. பதிலுக்கு வேறொன்று. நங்கூரத்தைத் தூக்கும்போது கூடவே ஏறி வருமே, கடலடிச் சேறு, அந்த நாற்றம்.

சொட்டு.

பாயிலிருந்து தரைக்கு. இன்னொரு சொட்டு.

"அம்மா ஹாங்." அதே குரல். வாய் நிறையத் தண்ணீர். "அப்பா பேரு?"

தியெப் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார்.

"எங்க வீடு எந்தப் பக்கம்? எனக்குத் தங்கச்சி உண்டா? சொல்லுங்க. உங்களுக்குத்தான எல்லாம் தெரியும்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் கொடுமை. கடைக்குப் போன அப்பா என்ன வாங்கிவந்தார் என்று பார்க்கிற பிள்ளையின் ஆசை இருந்தது. இன்னொரு பேர் சொல்லலாம். ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு தங்கை. அவருடைய தொழிலே அதுதானே. உதடு வரைக்கும் ஒரு பேர் வந்தும் விட்டது. அதை அவர் விழுங்கிக்கொண்டார்.

"இல்ல." அவர் அழுதார். "லாம்னு ஒருத்தனே இல்ல. நான் பொய் சொன்னேன். எல்லாமே பொய். நீ யாருன்னு எனக்குத் தெரியாது!"

வாசலில் செருப்புச் சத்தம் நின்றது.

ஹ்வே. கையில் கஞ்சிக் கிண்ணம். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவள் பார்வை மண் உடலின் மேல் போகவில்லை, அவர் மேல்தான் இருந்தது.

"பொய்யா?" என்றாள். "எங்கப்பா பக்கத்துல..."

அவள் காலில் விழ வேண்டும்போல இருந்தது. எழ முடியவில்லை. அப்போது பின்னாலிருந்து குரல் மெதுவாகக் கேட்டது.

"அப்ப நான் யாரு?"

கிண்ணம் விழுந்தது. ஹ்வே இப்போது அவரைப் பார்க்கவில்லை. அவருக்கும் அப்பால், பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தியெப் திரும்பினார்.

முதல் வரிசை. இரண்டாவது வரிசை. தூண் வரை. தூணுக்குப் பின்னாலும்.

நிறைந்திருந்தது. மண்டபம் முழுக்க. மத்தியானம் உட்கார்ந்திருந்தவர்களைப் போலவே ஒழுங்காக, மடியில் கையை வைத்துக்கொண்டு. முகங்களை மீன் தின்றிருந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சிலர் இன்னும் தங்கள் பாயை உடம்பில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மரத்துண்டுகள் கழுத்தில் தொங்கின, எழுத்துகள் எல்லாம் அழிந்து, வெறும் மரமாக.

ஒரு கை உயர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக எல்லாக் கைகளும். ஈரமாக. முழங்கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட.

பாயின் மேல் மல்பெரிக் குச்சி ஒன்று சடக்கென்று மடங்கியது. மஞ்சள் பூசிய அந்தக் களிமண் கையும் உயர்ந்தது.

யாரும் அவசரப்படவில்லை. தங்கள் முறை வரும் என்று காத்திருந்தார்கள்.