மூடாத வளையம்

மாடிப்படி ஏறி அந்தப் படுக்கையறைக்குள் நுழைந்தபோது பகல் பதினோரு மணி. ஆனாலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. பாதி ஜன்னலை மறைத்துக்கொண்டு ஓர் அலமாரி, ஆளுயர நிலைக்கண்ணாடி, நடுவில் அகலமான பழைய கட்டில். எல்லாம் ஒரே மரம், ஒரே கைவேலை. வெயில் படாத மரத்தின் வாசனைக்கு அடியில், என்றோ யாரோ தலைக்குத் தேய்த்த எண்ணெயின் வாசனையும் இருந்தது.

"வீடு வாங்கினப்போ கூடவே வந்த சாமான்," என்றாள் வீட்டுக்காரப் பெண். ஏழு மாத வயிறு. இடுப்பில் கை ஊன்றி நின்றாள். "குழந்தை பிறக்கறதுக்குள்ள இந்தக் கட்டிலுக்குப் பொருத்தமா ஒரு போர்வை வேணும்க்கா."

துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பதுதான் அந்த அக்காவின் தொழில். பதினெட்டு வருடமாகத் தைக்கிறாள். பையைத் தூக்கி வந்தவள் அவள் நாத்தனார். வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர்.

"கட்டிலா இது, கப்பலா? நீங்க இதுக்குத் தெச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும் அண்ணி."

"ஆகட்டும். என் காதுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

போர்வைக்காரி மாதிரித் துணிகளைக் கட்டிலில் விரித்தாள். நட்சத்திரம், ஏணிப்படி, பறக்கும் வாத்து, வளையம். நான்குமே பழைய வடிவங்கள். விரித்துவிட்டு அறையைவிட்டு வெளியே போய்விடுவாள். திரும்பி வரும்போது கண் முதலில் எதில் விழுகிறதோ, அதுதான் அந்தக் கட்டிலுக்கு உரியது. அவள் வழக்கம் அது.

மூவரும் கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள்.

கட்டிலில் வளையம் மட்டும்தான் இருந்தது.

மற்ற மூன்றும் நாற்காலியில், ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்கப்பட்டிருந்தன.

"நீயாடி மடிச்சே?"

"நானா? என் புடவையையே நான் மடிக்கறதில்ல."

"வேலைக்காரம்மா வந்திருப்பாங்க," என்றாள் வீட்டுக்காரப் பெண், சற்றுத் தயங்கி. "எனக்கும் அந்த வளையம்தான்க்கா பிடிச்சிருக்கு."

பொருத்தமும் இருந்தது. கட்டிலின் தலைப்பலகையில் ஒன்றுக்குள் ஒன்று கோத்த வளையங்களைச் செதுக்கியிருந்தார்கள். போர்வைக்காரி அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து வடிவத்தை எடுத்தாள். கடைசி வளையத்தில் பென்சில் நின்றது. அது முழுதாகச் சுற்றி வரவில்லை. விரலளவு இடைவெளி.

"உடைஞ்சிருக்கும்," என்றாள் வாயாடி.

இல்லை. போர்வைக்காரி விரலால் தடவினாள். முனை இரண்டும் உளியால் வழுவழுப்பாக முடிக்கப்பட்டிருந்தன. தச்சன் வேண்டுமென்றே விட்ட வழி.

மரத்தில் அது அழகாக இருக்கலாம். துணியில் அப்படி விட்டால் தைத்தவள் மறந்துவிட்டாள் என்பார்கள். தாளில் அந்த இடைவெளியைக் கோடு போட்டு மூடினாள்.

ஒரு மாதம் கழித்துப் போர்வையோடு வந்தார்கள். வீட்டுக்காரப் பெண்ணுக்கு ஆசை தாங்கவில்லை. மெல்லக் கட்டிலில் சாய்ந்து, கழுத்துவரை போர்த்திக்கொண்டாள்.

"கதகதப்பா இருக்குக்கா. தூக்கம் வருது."

"தூங்குங்க. அப்புறம் தூங்க விட மாட்டான் உள்ள இருக்கறவன்," என்றாள் வாசலில் நின்ற வாயாடி.

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு வீட்டுக்காரப் பெண் சொன்னாள், "அக்கா, கொஞ்சம் கை கொடுத்துத் தூக்கி விடுங்களேன். எழுந்திருக்க முடியல."

போர்வைக்காரி போர்வையை விலக்கப் போனாள்.

அது வரவில்லை.

நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் இறுகச் செருகியிருந்தது. யாரும் செருகவில்லை.

"அக்கா, குழந்தை அசையல."

போர்வைக்காரி நிமிர்ந்தபோது நிலைக்கண்ணாடி கண்ணில் பட்டது. கண்ணாடியில், போர்வைக்கு அடியில் இரண்டு உருவங்கள் படுத்திருந்தன. ஒன்று மற்றொன்றின் வயிற்றின்மேல் கை போட்டிருந்தது.

எண்ணெய் வாசனை குப்பென்று எழுந்தது.

வளையத்துக்குள் இருப்பது வெளியே போகத்தான் தச்சன் வழி விட்டான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இடுப்பிலிருந்த கத்தரியை எடுத்துக் கடைசி வளையத்தைத் தேடினாள். தான் மூடிய அந்த விரலளவு இடத்தில் ஒவ்வொரு தையலாக வெட்டினாள். ஐந்து. ஆறு. ஏழாவது தையல் அறுந்ததும் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

போர்வை தளர்ந்தது.

அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து அழுதாள். "உதைக்கிறான்க்கா. உதைக்கிறான்."

வாயாடி மட்டும் வாசலில் தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். "யாரோ இடிச்சிட்டுப் போன மாதிரி இருக்கு அண்ணி. ஜில்லுனு."

போர்வையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மறுநாள் மதியம் போன் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டார், குழந்தை நன்றாக இருக்கிறது, இனி கீழ் அறையில்தான் படுக்கப் போகிறாள். போர்வைக்காரிக்குப் போன உயிர் வந்தது. சொல்வதற்காக வாயாடியின் அறைக்குப் போனாள்.

வாயாடி மல்லாந்து படுத்திருந்தாள். கழுத்துவரை அந்தப் போர்வை.

"அதை ஏண்டி எடுத்தே?"

"நான் எடுக்கல அண்ணி." குரலில் கேலியே இல்லை. "கொஞ்சம் கை கொடுத்துத் தூக்கி விடுங்களேன்."

கடைசி வளையத்தைப் பார்த்தாள். நேற்று வெட்டிய இடம் மூடியிருந்தது. அவளுடையதைவிடச் சின்னத் தையல்கள். நூல் இல்லை. நீளமான நரைமுடி.

கத்தரி தேட நேரமில்லை. குனிந்து பல்லால் கடித்தாள். எண்ணெய்ச் சுவை நாக்கில் ஒட்டியது. முடி அறுந்ததும் வாயாடியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். போர்வையைச் சுருட்டி ஜன்னல் வழியே வெளியே வீசினாள்.

"போயிடுச்சா அண்ணி?"

"போயிடுச்சு. பயப்படாதே."

வாயாடி அண்ணியின் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

போர்வைக்காரி திரும்பினாள்.

காலைவரை நாற்காலியில் குவிந்து கிடந்த வாயாடியின் புடவைகள், ஓரத்தோடு ஓரம் சேர்த்து, அழகாக மடித்து அடுக்கப்பட்டிருந்தன.