எழுப்புநர்

செல்வி தூங்கப் போகிற அன்று அவள் கணவன் குணாளன் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தான். ஐந்து வயது மகள் மகிழினியைப் பக்கத்து அறைக்காரர்களிடம் விட்டுவிட்டு, இருவரும் மாதவரம் துயிலகத்துக்குப் பேருந்தில் போனார்கள்.

சென்னையில் அப்போது யாரும் அறைக்கு வாடகை வாங்குவதில்லை, விழித்திருக்கும் ஆட்களுக்குத்தான் வாங்கினார்கள். தண்ணீர், சுத்திகரித்த காற்று, மின்தூக்கி எல்லாவற்றுக்கும் அதே முறை. சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதும் குணாளனின் சம்பளத்தில் பெரம்பூரில் மூன்று பேர் விழித்திருக்க முடியவில்லை. செல்வி வேலை பார்த்த தையல் ஆலையை மூடிவிட்டார்கள்.

நெடுந்துயில் பேழையை விண்வெளிப் பயணத்துக்காகத்தான் கண்டுபிடித்தார்கள். உள்ளே படுத்தவருக்குப் பசி இல்லை, வயது ஏறாது, கனவும் வராது. விண்வெளிக்குப் போனவர்கள் சொற்பம். சம்பளம் பற்றாதவர்களே பேழைகளை நிரப்பினார்கள். ஒவ்வொருவருக்கும் வெளியே ஓர் எழுப்புநர் இருக்க வேண்டும். தூங்குகிறவரை வைத்துக் காப்பாற்ற வருமானம் இருப்பதாகக் காட்டி, அவர் விரல் வைத்தால்தான் பேழை திறக்கும்.

"பாப்பா ஒண்ணாங்கிளாஸ் போறப்ப எழுப்பிடுங்க," என்றாள் செல்வி. "அன்னிக்கு நான்தான் தலை பின்னி விடணும்."

"எழுப்பாம எங்க போறேன்? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அந்த நாள் வந்துடும்."

அவளுக்கு அது உண்மைதான். மூடி இறங்கும்போது அவள் சிரித்தபடியே இருந்தாள்.

முதலில் குணாளன் ஞாயிறுதோறும் போய்ப் பார்த்தான். பேழையின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருவான். பிறகு கையில் கொஞ்சம் மிஞ்சத் தொடங்கியது. தலைக்கு வாடகை கூடுதலான, ஜன்னல் இருக்கும் அறைக்கு மாறினார்கள். அந்தத் தெருவிலேயே ஒரு நல்ல பள்ளியில் மகிழினிக்கு இடம் கிடைத்தது. அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போகும் நாள் வந்தபோதுதான் அவனுக்குப் புரிந்தது. செல்வியை எழுப்பினால் ஜன்னலும் போய்விடும், பள்ளியும் போய்விடும். தவணையை நீட்டிக்கச் சொல்லித் துயிலகத்தில் விரல் வைத்தான். அங்கிருந்த ஊழியர் காரணம் கேட்கவில்லை. எல்லோரும் நீட்டித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"அம்மா ஏம்ப்பா வரல?" என்று குழந்தை கேட்டாள்.

"அம்மாவுக்கு இன்னும் தூக்கம் வருதாம்."

அடுத்த ஆண்டும் நீட்டித்தான். தூங்குகிறவள் கோபித்துக்கொள்ளவில்லை, அழவில்லை. அது அவனுக்கு எளிதாக இருந்தது. குழந்தையும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பின்னால் அவன் மனசார எழுப்ப விரும்பியபோது வழி அடைபட்டிருந்தது. வீட்டுக்கு வீடு பாதிப் பேர் தூங்குவதால் குடும்பச் செலவு குறைந்துவிட்டது என்று சொல்லி, கிடங்கில் சம்பளத்தைக் குறைத்தார்கள். நகரம் முழுக்க அப்படியே குறைந்தது. வாடகை மட்டும் குறையவில்லை.

மகிழினி பள்ளியை முடிக்காமலே மருந்துப் பொதி கட்டும் வேலைக்குப் போனாள். அவளுக்குப் பதினெட்டு நிறைந்த சமயத்தில் குணாளனின் முதுகெலும்பு தேய்ந்து, உட்கார முடியாமல் போயிற்று. கிடங்கில் அவனை நிறுத்திவிட்டார்கள்.

"நீ படுத்துக்கப்பா," என்றாள் மகிழினி. "அம்மாவ எழுப்பிக்கறேன்."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு, "அவ கண்ணு தொறக்கறதுக்கு முன்னாடியே என்னைப் படுக்க வச்சுடு," என்றான்.

எழுப்புநர் பொறுப்பை மகள் பேருக்கு மாற்றி விரல் வைத்துவிட்டு அவன் போய்ப் படுத்தான். மறுவாரம் செல்வி கண் விழித்தாள். எதிரே நின்ற இளம்பெண்ணைத் தாண்டி அவள் பார்வை வாசலுக்குப் போயிற்று.

"என் பாப்பா எங்க? அவங்கப்பா கூட்டிட்டு வரலயா?"

"நான்தாம்மா மகிழ்."

செல்விக்கு அது விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தாள். பல்வரிசை தெரிந்தது. நெற்றி தெரிந்தது. அவள் பின்னிவிட ஆசைப்பட்ட கூந்தல், வேலைக்காகக் கழுத்துவரை கத்தரிக்கப்பட்டிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். மகிழினி அழவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தேயாத உடம்பும்மா உனக்கு," என்றாள். "முப்பதுதானே ஆகுது. நான் வேலை செய்யற இடத்துல உன்னை மாதிரி ஆளுங்களத்தான் தேடறாங்க. சொல்லி வச்சிருக்கேன்."

"நீயும் அங்கதானே இருப்ப? ரெண்டு பேரும் சேர்ந்தே போயிட்டு வரலாம்."

மகிழினி வரிசையாக நின்ற பேழைகளைப் பார்த்தாள்.

"நான் படுக்கப் போறேன்மா."

"ஏன்டி? உனக்கு என்ன உடம்புக்கு?"

"ஒண்ணும் இல்ல. பதினெட்டு வயசாயிடுச்சு. இதுவரைக்கும் கடலைக்கூட ஒழுங்காப் பாத்ததில்ல. இந்த வயச அந்தப் பொதிக்கூடத்துல தீத்துட்டேன்னா அப்புறம் எங்க போய் வாங்கறது? எப்ப நம்மளால வாழ முடியுமோ, அப்ப எழுப்பு."

"உங்கூட இருக்கத்தானே நான் போய்ப் படுத்தேன்."

"தெரியும்மா. அதான் உன்னை நம்பறேன். அப்பா என்கிட்ட பொய் சொன்னாரு. நீ சொல்ல மாட்ட."

செல்வி கெஞ்சினாள், திட்டினாள், காலைக்கூடப் பிடித்தாள். மகிழினி மிகப் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒரு வாரம் தாயோடு படுத்துத் தூங்கினாள், பொதி கட்டும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு அப்பாவுக்குப் பக்கத்துப் பேழையில் போய்ப் படுத்தாள். இருவருக்கும் எழுப்புநராகச் செல்வி விரல் வைத்தாள்.

ஒரே ஒருத்தி விழித்திருக்க அந்தச் சம்பளம் போதும். இரண்டு பேருக்குப் போதாது. செல்வி விடுமுறை நாளில் போய் மகளின் முகத்தைப் பார்ப்பாள், கணவனின் முகத்தைப் பார்க்காமல் வருவாள்.

ஒரு ஞாயிறு துயிலகத்துக்குப் புறப்பட்டவள், வழியில் மீன் விற்பதைப் பார்த்து நின்றாள். கொஞ்சம் வாங்கினாள். திரும்ப அறைக்கு வந்து மிளகாய் தடவி வறுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து தின்றாள். காற்று வந்தது. யாருக்கும் எடுத்துவைக்க வேண்டியிருக்கவில்லை. கடைசித் துண்டை வாயில் வைக்கும்போது, மீன் மிக ருசியாக இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அன்று துயிலகத்துக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. செல்வி பயந்துபோனாள். ஆனாலும் மென்று விழுங்கினாள்.