அவளுக்கு விட்ட வரி

வெட்டி எடுத்த மூச்சு ஒன்று பாட்டுக்குள் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டு மறுபடி ஓட விட்டாள். சந்தேகமே இல்லை. கடைசி வரிக்குச் சற்று முன்னால் யாரோ வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்தார்கள். பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்வது அவள் தொழில்; இரைச்சலை எடுப்பாள், இருமலை எடுப்பாள், நாற்காலி நகரும் சத்தத்தை எடுப்பாள், வரிக்கும் வரிக்கும் நடுவே பாடுகிறவர் இழுக்கும் மூச்சையும் எடுப்பாள். இந்த மூச்சு விஷயத்தில் அவள் கறார்ப் பேர்வழி. பாட்டு என்றால் பாட்டு மட்டும்தான் இருக்க வேண்டும் என்பாள். வெட்டிய மூச்சுகளைத் திரையில் தனி வரிசையாகப் போட்டுவைத்து, வேலை முடிந்ததும் மொத்தமாக அழித்துவிடுவது வழக்கம். இந்தப் பாட்டின் மூச்சுகளை அழித்து மாதக்கணக்காகிறது.

அதுகூடப் போகட்டும். அந்த இடத்தில் பாட்டுக்காரி மூச்சு இழுத்திருக்க வழியே இல்லை, ஏனென்றால் அந்த வரியைப் பாடியது பாட்டுக்காரி அல்ல. இவள்தான். இதை நினைத்ததும் வழக்கம்போலக் கழுத்திலிருந்து காதுவரை சுட்டது.

பாட்டுக்காரி ஒரு படகுத்துறையில் சீட்டுக் கிழித்துக் கொடுத்தவள். பாட்டுச் சேகரிக்க அலைந்த யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் அவளைத் துறைப் படிக்கட்டில் உட்காரவைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். அதன்பிறகு அந்த நாடா ஒரு கல்லூரி அலமாரியில் பல பத்தாண்டுகள் தூங்கியது. இவள் வேலை பார்க்கும் ஒலிப்பதிவுக் கூடத்தின் முதலாளி அதைத் தேடிப்பிடித்து, 'துறைப்பாட்டுக்காரி' என்று ஆல்பத்துக்குப் பேரும் வைத்து, சுத்தம் செய்ய இவளிடம் கொடுத்தார். கடைசிப் பாட்டில் இக்கரையிலிருந்து தாய் கூப்பிடுவாள், அக்கரையிலிருந்து மகள் 'இந்தா வந்துட்டேன்' என்று பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் பாட்டுக்காரியே குரல் கொடுப்பாள். அப்படி மூன்று முறை. நான்காம் முறை கூப்பிடும் குரல் எங்கோ உயரத்துக்கு ஏறி நின்றுவிடும். பதில் வரவேண்டிய இடத்தில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். நாடா முடிந்துவிடும்.

பாடிய வரி சரியாகப் பதிவாகவில்லை என்று இவள் முடிவு கட்டினாள். முந்தைய பதிலை எடுத்து ஒட்டிப் பார்த்தாள், சுருதி உட்காரவில்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம் மைக்கின் முன்னால் நின்று அந்த வரியைத் தானே பாடி, குரலை மெலிதாக்கி, பழைய இரைச்சலை அதன்மேல் தூவினாள். கச்சிதமாகப் பொருந்தியது. சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். அதற்குள் முதலாளி வந்து கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், "இதாம்மா, இந்தக் கடைசி வரி ஒண்ணு போதும்" என்றார். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு சொல்வது?

பத்திரிகைகளும் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டன. பாட்டுக்காரியின் தொண்டைக்குள் ஒரு குழந்தை ஒளிந்திருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். சின்ன வயதில் இவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சர், நீ கூட்டத்தோடு பாடு, தனியாகப் பாடாதே என்றவர். இவள் அந்தப் பத்திரிகையைக் கழிவறைக்குக் கொண்டுபோய்த் தாழ்போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தாள். செய்ததைவிட, அப்படி உட்கார்ந்து படித்ததுதான் பிறகு நினைக்க நினைக்க அசிங்கமாக இருந்தது.

இப்போது பார்த்தால் பாட்டுக்காரி உயிரோடு இருக்கிறாள். போய்ச் சேர்ந்திருப்பாள் என்று எல்லோரும் நினைத்திருக்க, பஸ்ஸில் யாரோ போட்ட பாட்டைக் கேட்டு அவளுடைய மகள் குரலை அடையாளம் கண்டுகொண்டு முதலாளிக்கு ஃபோன் செய்துவிட்டாள். இன்று மதியம் தாயும் மகளும் இதே அறைக்குக் கேட்க வருகிறார்கள். எதைப் பாடினோம், எதைப் பாடவில்லை என்று பாடியவளுக்குத் தெரியாதா? அவர்கள் வருவதற்குள் அந்த வரியை எடுத்துவிடலாம் என்றுதான் பாட்டைத் திறந்தாள். திறந்த இடத்தில் இந்த மூச்சு.

அவள் வரியையும் மூச்சையும் சேர்த்து வெட்டினாள். ஓட விட்டாள். தாய் கூப்பிட்டாள், குரல் உயரத்துக்கு ஏறி நின்றது, தண்ணீர் படிக்கட்டில் மோதி மோதிப் பின்வாங்கியது. அப்புறம் அதே மூச்சு. சின்ன மூச்சு. முன்பல் விழுந்த இடுக்கு வழியாகக் காற்றுப் போகும் மெல்லிய சீழ்க்கையோடு, பாடத் தயாராகி, யாராவது சைகை காட்டட்டும் என்று காத்திருப்பதுபோல.

ஜன்னல் இல்லாத அறை. நான்கு சுவர்களிலும் கூரையிலும் பஞ்சு பொதிந்து, வெளியே பட்டப்பகலில் லாரி போனாலும் உள்ளே தெரியாதபடி அடைத்துவைத்த அந்த அறையில், இயந்திரத்தின் சன்னமான உறுமலும் அவளுடைய வளையல் மேசையில் படும் சத்தமும் தவிர என்றைக்கும் எதுவும் கேட்டதில்லை. இன்றைக்கு ஈர மணல் வாடையும், பாசி வாடையும், வெயிலில் காயாத துணியின் வாடையும் கலந்து எங்கிருந்தோ மெதுவாக ஏறி வந்துகொண்டிருந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். மூச்சு நிற்கவில்லை. தன்னுடையதாக இருக்கும் என்று வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள்.

நிற்கவில்லை. இடது தோளுக்குப் பின்னால். காது உயரத்துக்கும் கீழே.

கதவு தட்டப்பட்டது. வரி இல்லாவிட்டால் முதலாளி அவர்கள் எதிரிலேயே கேட்பார், எங்கேம்மா அந்த வரி என்று. அந்த ஒரு பயம் மற்ற பயத்தையெல்லாம் தள்ளிவிட்டது. வெட்டியதை அவசர அவசரமாகத் திரும்ப ஒட்டிவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"என்னம்மா வாடை? மேல குழாய் ஒழுகுதா?" என்றபடி முதலாளி வந்தார். பின்னால் நடுத்தர வயது மகள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடப் பையளவுக்குச் சுருங்கிப்போன கிழவி. வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். முகம் மலர்ந்தது.

"துறை மாதிரி இருக்கு" என்றாள்.

அவளை நாற்காலியில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டார்கள். மூன்று முறை கூப்பிட்டு மூன்று முறை பதில் சொன்ன தன் பழைய குரலைக் கிழவி யாரோ பாடுவதைக் கேட்பதுபோலத் தலையாட்டிக் கேட்டாள். நான்காம் முறை வந்தபோது மடியில் கிடந்த கைகளைப் பிரித்து உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துக்கொண்டாள். மூச்சு வந்தது. வரி வந்தது. 'இந்தா வந்துட்டேன்.'

கிழவி முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள். "இது யாரு பாடினது?"

"நீங்கதாம்மா" என்றார் முதலாளி.

"நான் பாடலையே."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "எங்க அக்கா படகுலருந்து விழுந்து போயிட்டா, சார். நான் பொறக்குறதுக்கு முன்னாடி. அம்மாவும் அவளும் சேர்ந்து பாடுற பாட்டு இது. பதில் வரி அவளோடது. அவ போனதுக்கப்புறம் மூணு தரம் அம்மாவே பதில் சொல்லுவாங்க, அவளுக்கு ஞாபகப்படுத்த. நாலாவதை அவளுக்குன்னு விட்டுட்டு சும்மா இருப்பாங்க. அந்த இடத்துல நான் ஒரு தடவை பாடிட்டேன்னு வாயிலயே அடிச்சாங்க. காலியா இருந்தாத்தான் அவ வந்து இறங்க முடியும்பாங்க. பஸ்ல கடைசி வரைக்கும் நான் கேக்கல, சார். அதுக்குள்ள இறங்க வேண்டியதாப் போச்சு."

"வந்துட்டா" என்றாள் கிழவி. அழவில்லை. "முன்பல் விழுந்திருந்துச்சு அப்போ. அந்தச் சீழ்க்கையக் கேட்டீங்களா?"

முதலாளி இவளைத் திரும்பிப் பார்த்தார். இந்த அறையில் இரவும் பகலும் அந்த நாடாவோடு கிடந்தவள் இவள் ஒருத்திதான். அவர் பார்வையில் கேள்வி மெல்ல உருவாவது தெரிந்தது. சொல்லிவிட வேண்டும். வேலை போகட்டும், பேர் போகட்டும். காத்திருந்து காத்திருந்து சுருங்கிப்போன ஒருத்தியின் கையில் தன் குரலைக் கொடுத்து உன் பிள்ளை என்று ஏமாற்றுவதைவிடக் கேவலம் வேறில்லை. 'அது நான்தாம்மா, மன்னிச்சிடுங்க.' அவ்வளவுதான். வாயைத் திறந்தாள்.

மூச்சு முதலில் உள்ளே போனது. அவள் இழுக்கவில்லை.

சீழ்க்கையோடு போனது. குளிர்ந்து போனது. நாக்கு முன்பல்லைத் தேடியது. அங்கே இடுக்கு.

"இந்தா வந்துட்டேன்."

மெலிதாக்காத குரல். இரைச்சல் தூவாத குரல். அவளுடையது இல்லை.

அவள் வாயைப் பொத்தப் பார்த்தாள். கை ஏறவில்லை. கிழவி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். யாரும் பிடிக்காமல் நடந்து வந்தாள்.

"இன்னொரு தரம், கண்ணு."

"இந்தா வந்துட்டேன்."

'நான்தான்' என்று சொல்ல உள்ளே முட்டினாள். வெளியே வரவில்லை. வந்தது அந்த வரி. அதன் பின்னாலேயே மறுபடி அந்த வரி. நடுவே மூச்சுக்கு இடமில்லை. அவள் வெட்டித் தைத்ததுபோலவே, ஒன்றோடொன்று ஒட்டி.

மகள் சுவரோடு சாய்ந்துவிட்டாள். முதலாளியின் கண் நிறைந்திருந்தது. அவர் கை, பழக்கத்தில், மேசையைத் தடவிப் பதிவுப் பொத்தானை அழுத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

நெஞ்சு காற்றுக்குத் தவித்தது. திரையில் வரி வரியாக ஏறிக்கொண்டிருந்தது, இடைவெளியே இல்லாமல். கண்ணின் ஓரங்கள் இருண்டன. உதட்டோரம் ஏதோ வழிந்து கழுத்தில் இறங்கியது. எச்சில் இல்லை. கலங்கல் தண்ணீர். மணல்.

கிழவி அதைத் தன் கையால் பதமாகத் துடைத்துவிட்டாள். குதிகாலை எக்கி, இரண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, தண்ணீர் வழியும் அந்த வாயோடு காதை ஒட்டிவைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அடுத்த முறைக்குக் காத்திருந்தாள்.